அந்தியோகியா பந்தியில நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல விசுவாசத்தினால நீதிமானாக்கப்படுறது (நம்ம செய்கையால இல்லாம விசுவாசத்தாலயே கடவுள் நம்மை நீதிமானா ஏத்துக்கிறது) பத்தி வந்த கட்டுரை படிச்சேன். அப்போஸ்தலர் பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதின நிருபத்துல, கலாத்தியர் 2:16 மட்டும் எடுத்து நல்லா விளக்கிட்டு, கடைசியில ஊழியக்காரங்களைக் குறை சொல்லக் கூடாதுன்னு முடிச்சிருக்காங்க, அந்த வசனத்துக்கு மேல இருக்கிற அஞ்சு வசனத்தைப் படிச்சிருந்தா அப்படி முடிச்சிருக்கவே முடியாது.

சிரியாவுல இருந்த அந்தியோகியா சபை, சீஷர்களுக்குக் கிறிஸ்தவங்கன்னு முதல்ல பேர் வந்த ஊரு. அங்க இயேசுவோட சீஷரான பேதுரு புறஜாதி (யூதர் அல்லாத) விசுவாசிங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தார், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்ட இருந்து சிலபேர் வந்ததும் விருத்தசேதனக்காரங்களுக்கு (யூதர்களோட விருத்தசேதனச் சடங்கு பண்ணிக்கிட்டவங்களுக்கு) பயந்து மெல்ல விலகிட்டார். நேத்து வரைக்கும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட மனுஷன் இன்னிக்கு வேற பந்திக்குப் போயிட்டா அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வாயைத் திறந்து யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க வேண்டாம், விருத்தசேதனம் பண்ணாத வரைக்கும் நீங்க அரைகுறைதான்னு அந்தக் காலி இடமே சொல்லியிருக்கும். மத்த யூதர்களும் பின்னாலயே போயிட்டாங்க, பர்னபா கூட! பவுலோட சேர்ந்து ஒரு வருஷம் முழுசா அதே சபையில போதிச்சவர் அவர், பவுலுக்கு அதுதான் ரொம்ப வலிச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

பேதுருவுக்கு சத்தியம் தெரியாம இல்ல, செசரியாவுல கொர்நேலியுங்கிற புறஜாதிக்காரர் வீட்டுக்குள்ள போனவரே அவர்தான். தெரிஞ்சும் பயத்துல மாத்தி நடந்தார், அதைத்தான் பவுல் மாயம்னு சொல்றார், கிரேக்கத்துல அது நாடக மேடை நடிகனைக் குறிக்கிற சொல்லோட சேர்ந்த வார்த்தை. தனியா கூப்பிட்டுப் பேசல, எல்லார் முன்னாடியும் முகமுகமா கேட்டார், ஏன்னா அவமானப்பட்டவங்களும் எல்லார் முன்னாடியும்தான் அவமானப்பட்டாங்க. கிரியையினால (யூதச் சட்டத்தைக் கைக்கொள்றதால) இல்ல விசுவாசத்தினாலதான்னு அவர் எழுதுறது இந்தச் சண்டையைச் சொல்லிட்டு வர்ற கையோடதான். விசுவாசம் போதும்னா ஒரே பந்தி போதும், ரெண்டாவது பந்தி போட்டா விசுவாசம் பத்தலன்னு அர்த்தம் ஆயிடுது.

இதை ஜீரணிக்க முடியாம, ஆதிகால வேத அறிஞர் ஜெரோம், ரெண்டு அப்போஸ்தலரும் பேசி வச்சுகிட்டு நடிச்சதுதான்னு விளக்கம் எழுதினார், அதே காலத்து ஆயர் அகுஸ்தீன் விடல, அப்படின்னா வேதத்துல பொய் இருக்குன்னு ஆயிடுமேன்னு கடிதம் போட்டு மல்லுக்கு நின்னார். நான் அகுஸ்தீன் பக்கம்தான். பேதுரு தப்பு பண்ணினார்னு ஒளிக்காம எழுதி வச்சிருக்கிறதாலதான் எனக்கு அந்த நிருபத்து மேல இவ்வளவு நம்பிக்கை.

தயவு செஞ்சு அடுத்த இணைப்புல 11ல இருந்து 16 வரைக்கும் ஒண்ணா சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்