சும்மா நின்னா என்ன போச்சு?

அன்புள்ள அண்ணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலில் வைத்து என் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம் என்றாய். வேண்டாம் என்றேன். "உனக்குச் சாமி இல்லைன்னா இருந்துட்டுப் போகட்டும். உன்னை யாரு கும்பிடச் சொன்னா? ஓரமா சும்மா நில்லு. சும்மா நின்னா உனக்கு என்ன போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நீ கோபத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் போனில் பதில் சொல்லப் போனால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஏன் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறாய் என்று கேட்பாய். இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், என்னிடம் கேட்டவர்கள் நீ ஒருவன் மட்டுமில்லை அண்ணா.

என்ன போச்சு என்று கணக்குப் பார்க்கலாமா?

சின்னதில் இருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆளுக்கு முந்நூறு ரூபாய் வசூல். கேட்டால் கொடுத்துவிடுவேன். பீரோ, கம்ப்யூட்டர், தண்ணீர் கேன் வரைக்கும் சந்தனம், குங்குமம். ஒரு வருஷம் ஸ்கேனருக்கு யாரோ பக்தி அதிகமாகிச் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார்கள். அது கண்ணாடிக்குள் இறங்கி, அடுத்த பத்து நாளும் ஸ்கேன் செய்த மனுக்களில் எல்லாம் நடுவில் ஒரு கோடு. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். லீவு முடிந்து வந்த அன்று, பென்ஷன் விஷயமாக வந்த ஒரு பெரியவர் அந்தச் சதையில் வண்டியோடு சறுக்கி விழுந்தார். முட்டியில் ரத்தம். அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது நான்தான். விழுந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏதோ கண்டம், இத்தோட போச்சு." பூசணிக்காய் தன் வேலையைச் செய்துவிட்டதாம்!

அரசு ஆபீஸ்களில் சாமி படங்களை எடுத்துவிடச் சொல்லி 1968-லேயே சுற்றறிக்கை வந்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலம். அதன்பின் அவர் பெயரைச் சொல்லியே ஓட்டு வாங்கியவர்கள்தான் மாறி மாறி ஆண்டார்கள். என் மேசைக்கு நேர் எதிரே இன்றைக்கும் நாலு படம் இருக்கிறது, ஒன்றுக்குச் சீரியல் லைட் வேறு. நான் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எங்கள் செக்‌ஷனில் ஒரு கிறிஸ்தவ அக்கா உண்டு. அவரும் முந்நூறு கொடுத்துவிட்டு, பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு வாசல் பக்கம் நிற்பார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. மனுவோடு வருகிற ஒரு பாய்க்கோ ஒரு சிஸ்டருக்கோ அந்த அறைக்குள் நுழையும்போது என்ன தோன்றும்? இது நமக்கும் பாத்தியப்பட்ட ஆபீஸ்தான் என்று தோன்றுமா? நான் அங்கே ஓரமாக நிற்பது என் சொந்த விஷயம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படியில்லை.

உன் கோயில் கமிட்டியின் குழாய் ரேடியோவுக்கு வருகிறேன். ஆடி மாதம் காலை நாலரைக்கு ஆரம்பிக்கும். போன ஆடியில் நான் ஊரில் இருந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டுப் பாட்டி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் விதி. திருவிழா என்றால் வருஷத்தில் அதிகபட்சம் பதினைந்து நாள், அதுவும் நள்ளிரவு பன்னிரண்டு வரைக்கும்தான் மாநில அரசு தளர்த்த முடியும். விடியற்காலை நாலரைக்கு எந்த அரசாங்கமும் அனுமதி தர முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நாலு பேர் உட்கார்ந்து பேசினாலே அதைத் தாண்டிவிடும்.

இந்துக் கோயில் என்பதால்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. அதே 2000-இல் சென்னைக் கே.கே.ஆர். நகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது ஒரு கிறிஸ்தவ சபை. ஒலிபெருக்கியும் டிரம்மும் வைத்து ஜெபம் நடத்தியதை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் முறையிட்டிருந்தது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். நான் வாடகைக்கு இருக்கும் தெருவில் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் உண்டு. சத்தத்தில் மூன்றுக்கும் ஒற்றுமை அபாரம்.

சாமி கும்பிடாதவர் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பாய். நியாயம்தான். நம் பெரியப்பாவையே எடுத்துக்கொள். ஐம்பது வருஷமாகக் கருப்புச் சட்டை. கூட்டத்தில் பெண் விடுதலை பேசிவிட்டு வருவார், பெரியம்மா வெந்நீர் வைத்து, சோறு போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார். அந்த வீட்டில் பிள்ளையார் படம் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஞாபகம் இருக்கிறதா? ஒரு டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார். அப்பா வரிசையாகப் பெயர் சொன்னார். மதம் என்றதும் "எல்லாருக்கும் இந்துன்னே போட்டுருங்க டீச்சர்" என்றார். நான் நிலைப்படியில்தான் நின்றிருந்தேன். எனக்குப் போட வேண்டாம் என்று சொன்னால் அப்பாவுக்கு வருத்தம், டீச்சருக்கு வேலை. சும்மா நின்றேன். பிறகு அந்தக் கணக்கு வெளியானபோது பார்த்தேன். 121 கோடிப் பேரில் மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம். நாத்திகர் என்று எழுதப்பட்டவர்கள் இந்தியா முழுவதற்கும் 33 ஆயிரத்துச் சொச்சம். திராவிடர் கழகத்தின் பழைய மாநாட்டுப் புகைப்படம் ஒன்றைப் பார்த்தாலே இந்த எண்ணை நம்ப முடியாது. என்னைப் போல எத்தனை பேர் நிலைப்படியில் நின்றார்களோ.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சில்லறைக் கணக்கு. இனிச் சொல்லப்போவதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அப்பாவின் பதினாறாம் நாள். விடியற்காலை நாலு மணி. ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது என்று உன்னையும் மாமாவையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் டீக்கடைக்குப் போனீர்கள். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. கருமாதி என்றால் உனக்கு மொட்டையும் காரியமும் பந்தியும்தான்.

அம்மாவைக் குளிப்பாட்டி, கோடிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். கல்யாணத்தன்றுகூட அம்மாவை அப்படி அலங்கரித்திருக்க மாட்டார்கள். அடுக்களைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பூவை எடுத்தது பெரிய அத்தை. அவரும் தாலி இழந்தவர், அவருக்கு இதெல்லாம் நடந்து இருபது வருஷம் இருக்கும். குங்குமத்தை அழித்தபோது அது நெற்றி முழுக்கச் சிவப்பாக இழுவிக்கொண்டது. இரண்டு கையையும் சேர்த்து மோதி வளையலை உடைத்தார்கள். ஒரு சில்லு மணிக்கட்டில் கீறிவிட்டது. தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அப்போது அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சுற்றி நின்ற பதினோரு பெண்களில் அவள் பெற்றவள் நான் ஒருத்திதான்.

நான் காலேஜில் பெரியாரைப் பற்றிப் பேசிக் கோப்பை வாங்கியவள். அந்தக் கோப்பை அந்த அடுக்களை அலமாரியில்தான் இருந்தது. நான் சும்மா நின்றேன் அண்ணா. யாரும் என்னைக் கும்பிடச் சொல்லவில்லை. ஓரமாக, நீ சொன்ன மாதிரியே, சும்மா நின்றேன்.

அப்புறம் ஒரு வாரம் கழித்துக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மா குளிக்கப் போகும்போது நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை அதில் ஒட்டி வைப்பாளே, மூன்று இருந்தது. அரக்குக் கலர், நடுவில் ஒரு சின்னக் கல். அம்மாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெள்ளையடிக்க வந்த ஆள்தான் சுரண்டி எடுத்தான்.

இதெல்லாம் மாறாது என்று சொல்லாதே. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் கிராம சபை கூடி, எங்கள் ஊரில் இனிமேல் தாலி கழற்றுவது, வளையல் உடைப்பது, பொட்டழிப்பது கிடையாது என்று தீர்மானம் போட்டது. அதே மாதம் மாநில அரசு மற்ற ஊராட்சிகளையும் அதைப் பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. நம் பக்கத்திலோ, 2023-இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கணவனை இழந்தவர் வரக் கூடாது என்று தடுத்து, அந்தம்மா சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர் கேட்டதும் சாமி கும்பிடுகிற உரிமைதான். என் மாதிரி ஆள் இல்லை.

நம் அம்மாவும் என் மாதிரி ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டாள். ஆனால் உன் மகள் சடங்கன்று எங்கே இருந்தாள்? பந்தலுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் தட்டை யாரோ தூரத்துச் சித்தி எடுத்தார். நான் போய்க் கூப்பிட்டதற்கு "நான் முன்னால வந்தா புள்ளைக்கு ஆகாதுத்தா" என்றாள். உன்னிடம் கேட்டதற்கு "அம்மாவே வரலைங்குது, நான் என்ன பண்ண?" என்றாய். அண்ணா, எனக்கு மதத்தின் மேல் இருக்கும் கோபம் முழுதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதைக் காலேஜோடு பேசி முடித்துவிட்டேன். வளர்த்த பேத்திக்குத் தன் முகமே ஆகாது என்று ஒருத்தி தானே சொல்லிக்கொள்கிற அளவுக்கு அவளைப் பழக்கியது எது? அதைத்தான் கேட்கிறேன்.

பாப்பா விஷயம். ஸ்கூல் விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தைக் காலியாக விடப்போகிறேன். நம் மாநிலத்தில் 1973-இல் போட்ட அரசாணையே அதற்கு இடம் தருகிறது, ஸ்கூலில் மறுத்தால் பேசிக்கொள்கிறேன். சாதியை விட மனசு வரவில்லை. இடஒதுக்கீடு போய்விடும். நம் வீட்டில் முதலில் வேலைக்குப் போனவளே அதில்தான் போனாள். கொள்கைக் குழப்பம் என்று சிரிப்பாய், சிரி. மொட்டை வேண்டாம். முடி வெட்டச் சலூன் இருக்கிறது. காது குத்துவதில் எனக்குச் சாமிப் பிரச்சினை கிடையாது, அவளுக்கு வலிக்கும் என்பதுதான். அவள் வளர்ந்து தோடு வேணும் என்று கேட்டால் உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவேன். அந்த இடத்தை வேறு யாருக்கும் தர மாட்டேன்.

மாசிப் பச்சைக்கு வருவேன். அந்தப் புளியமரமும் ராத்திரி உறுமிச் சத்தமும் கிடாக்கறியும் எனக்கும் பிடிக்கும். 2003-இல் கோயிலில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்தபோது நம் ஊரே கொதித்ததில் நானும்தான் கொதித்தேன். அடுத்த வருஷம் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது உங்கள் கமிட்டியே யாகசாலை, கும்பாபிஷேகம் என்று ஆரம்பித்திருக்கிறது. சுருட்டும் சாராயமும் கேட்ட சாமிக்கு இனி நெய்யும் சமித்தும். சாமி இல்லை என்கிற எனக்கே அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பத்திரிகையில் என் பெயர் வேண்டாம். தலைக்கட்டு வரி வழக்கம்போல நீயே கட்டிக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கமிட்டியில் பொருளாளர் நீ, உன் பேச்சு எடுபடும். இந்த வருஷம் கோயில் வாசலில் முதல் பொங்கப் பானையை அம்மா ஏற்றட்டும். அவள் மாட்டேன் என்பாள். நான் கூப்பிட்டால் வர மாட்டாள், எனக்குத்தான் சாமியே இல்லையே. நீ கையைப் பிடித்துக் கூட்டி வந்தால் வருவாள். அன்றைக்கு நான் ஓரமாக நிற்க மாட்டேன், அடுப்புக்குப் பனையோலை தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அரிசியும் வெல்லமும் நான் வாங்கி வருகிறேன். பானை மட்டும் பரணில் இருந்து எடுத்து வை. அம்மாவுக்கு எட்டாது.

உன் தங்கை