விண்கலத்துக்குப் பாதை, விழிக்குக் குழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிச் செய்திகளில் ‘சுற்றுவட்டப்பாதை’ என்னும் சொல் தமிழ் நாளிதழ்கள் பலவற்றிலும் நிலைத்துவிட்டது. பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அச்சொல்லின் நடுவே அமர்ந்திருக்கும் ‘வட்டம்’ குறித்தும், அதற்கு மூலமான ‘ஆர்பிட்’ என்னும் சொல் மருத்துவத்தில் வேறு பொருளில் வரும்போது நேரும் குழப்பம் குறித்தும் எழுத விரும்புகிறேன்.

2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3, முதலில் பூமிக்கு மேலே ஒரு முனையில் ஏறத்தாழ 170 கி.மீ., மறு முனையில் ஏறத்தாழ 36,500 கி.மீ. உயரமுள்ள பாதையில் சேர்ந்தது. இவ்விரண்டு எண்களையும் அச்சிட்டுவிட்டு அடுத்த வரியிலேயே அதனை வட்டப்பாதை என்றால், கவனமாகப் படிக்கும் மாணவர் எண்ணை நம்புவாரா, சொல்லை நம்புவாரா? ஆகஸ்ட் 5 அன்று நிலவைச் சுற்றத் தொடங்கியபோதும் அது 164 கி.மீ.க்கும் 18,074 கி.மீ.க்கும் இடைப்பட்ட நீள்வட்டத்திலேயே இருந்தது. எஞ்சினை இயக்கி இயக்கிப் படிப்படியாகக் குறைத்த பிறகு, ஆகஸ்ட் 16 அன்றுதான் பாதை 153 கி.மீ., 163 கி.மீ. என ஏறக்குறைய வட்டமாயிற்று. தொடக்கம் முதலே வட்டம் என்று எழுதிவிட்டால், இடைப்பட்ட நாட்களில் விஞ்ஞானிகள் என்னதான் செய்தார்கள் என்பது வாசகருக்கு விளங்காமலே போய்விடும்.

‘கழுகு வட்டமிடுகிறது’ என்னும்போது எவரும் கவராயம் கொண்டு அளப்பதில்லை என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். பேச்சு வழக்குக்கு அது பொருந்தும். புறநானூற்றின் 30ஆம் பாடல்கூட ஞாயிறு செல்லும் வழியைச் ‘செலவு’ என்றும், அதன் இயக்கம் சூழ்ந்த வட்டத்தை ‘மண்டிலம்’ என்றும் சொல்கிறது. ஆனால் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று வானியலாளர் கெப்ளர் 1609இல் நிறுவிய பின், அறிவியல் செய்தியில் வட்டத்தை அத்தனை தாராளமாக வழங்குவது முறையன்று. ‘சுற்றுப்பாதை’ என்றாலே போதும். அது எந்த வடிவத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதில்லை.

ஆயினும் அந்தச் ‘சுற்றுப்பாதை’யே தவறான இடத்தில் புகுந்து எங்கள் வீட்டை ஒரு மாலை முழுவதும் கலங்க வைத்தது. கிரிக்கெட் பந்து கண்ணருகே பட்ட என் பேரனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஆங்கில அறிக்கையைக் கைப்பேசிச் செயலியில் மொழிபெயர்த்துப் பார்த்த என் மகள், ‘வலது சுற்றுப்பாதையின் தரையில் முறிவு, கண்கோளத்துக்குச் சேதமில்லை’ என்று வாசித்தாள். கோளும் சுற்றுப்பாதையும் சேர்ந்து வந்ததில், வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்துவிட்டதென்றே நினைத்தோம்.

லத்தீன் மொழியில் ‘ஆர்பிட்டா’ என்பது வண்டிச் சக்கரம் பதித்த தடம். வானில் அது கோள் செல்லும் வழியாயிற்று. உடற்கூற்றியலில் கண் அமர்ந்திருக்கும் எலும்புக் குழியாயிற்று. ஏழு எலும்புகள் கூடி அமைக்கும் இக்குழியின் அடித்தளம் மிக மெல்லியது. அதன் கீழே மேல்தாடை எலும்பின் காற்றறை இருக்கிறது. கண்மீது பலத்த அடி விழுந்தால் அத்தளம் உடையக்கூடும். உடைந்த இடத்தில் கண்ணை அசைக்கும் தசை சிக்கிக்கொண்டால் காண்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். ‘விழிக்குழியின் அடித்தளத்தில் முறிவு’ என்று அந்த அறிக்கை தமிழில் வந்திருந்தால், எங்கே அடிபட்டிருக்கிறது என்பதையாவது நாங்கள் அறிந்திருப்போம்.

‘தலைவரின் சுற்றுப்பாதையில் இருப்பவர்கள்’ என்று அரசியல் கட்டுரைகளில் எழுதுவதும் இப்போது காணக்கிடைக்கிறது. ‘செல்வாக்கு வட்டம்’ என்ற நல்ல சொல் இருக்கையில் இது எதற்கு? வட்டத்தை விட வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு, வைக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம். அணுவில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள வெளியைப் பாதையென்று பெயர்க்காமல் ‘ஆர்பிட்டால்’ என்றே நம் பாடநூல்கள் வைத்திருப்பது, இவ்வகையில், நிதானமான முடிவு.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் புவியோடு இணைந்து சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு ‘வட்டப்பாதை’ என்று தாராளமாக எழுதலாம். மற்ற இடங்களில் ‘சுற்றுப்பாதை’ என்றும், இரு உயரங்களும் பெரிதும் வேறுபடும்போது ‘நீள்வட்டப்பாதை’ என்றும், மருத்துவப் பகுதியில் ‘விழிக்குழி’ என்றும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.