புயல் ஒரு ராத்திரிதான், அதற்கு அப்புறம் வரும் நாட்களுக்கு யார் தயாராவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, அது புயலாகி டெல்டா கடற்கரைப் பக்கம் வரலாம் என்று இரண்டு நாளாக உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு செயற்கைக்கோள் படம், புயல் போகும் பாதைக்கு ஒரு கோடு, எந்த நாடு அதற்குப் பெயர் வைத்தது என்று ஒரு பெட்டிச் செய்தி. சரி, இருக்கட்டும். ஆனால் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிற எங்களுக்கு, இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி வாங்கி வையுங்கள், வெளியே வராதீர்கள் என்பதோடு முடிந்துவிட்டது.

கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. எச்சரிக்கை விஷயத்தில் அப்போது பெரிய குறை சொல்ல முடியாது. வானிலை மையம் முன்கூட்டியே சொன்னது, அரசு 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துப் போனது, அதனால்தான் உயிர்ச்சேதம் 1977 நவம்பர் புயல் அளவுக்குப் போகவில்லை. காற்று அடித்தது சில மணி நேரம். விடிந்து பார்த்தால் டெல்டா மாவட்டங்கள் முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, ரோட்டை அடைத்துக்கொண்டு மரங்கள், செல்போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை, உள்ளே தள்ளி இருக்கிற கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. புயலில் தப்பித்தவர்கள் எல்லாரும் குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் மறியல் செய்தார்கள். நாம் தயாரானது அந்த ஒரு ராத்திரிக்கு, பாடாய்ப் பட்டது அதற்கு அப்புறம். இந்த முறையும் எல்லாரும் அந்த ராத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். எங்கள் பக்கம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை நம்பித்தான் ஊரே இருக்கிறது, தொட்டியில் ஏற்ற மோட்டார், மோட்டாருக்குக் கரண்ட். முன்பு தெருவுக்குத் தெரு அடிபம்பு இருந்தது, இப்போது முக்கால்வாசி துருப்பிடித்துக் கைப்பிடி இல்லாமல் நிற்கிறது. கடல் ஏறிய இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிடும், குடிக்க முடியாது. கஜாவுக்கு அப்புறம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் மோட்டாரில் மாட்டித் தொட்டி நிரப்பினோம், அந்த ஜெனரேட்டருக்கு நடந்த சண்டையை எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும். ஜெனரேட்டர் வந்த பிறகும், வயரை எங்கே கொடுப்பது, எந்த சுவிட்ச்சை அணைப்பது என்று தெரிந்த எலக்ட்ரீஷியனைத் தேடி ஒரு பொழுது போனது. ஊராட்சிகள் இப்போதே செய்யக்கூடிய வேலை இது. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஜெனரேட்டர் இணைப்புக்கு ஒரு மாற்று சுவிட்ச் பொருத்திவிடலாம், ஜெனரேட்டருக்கு முன்கூட்டியே பேசி வைக்கலாம், டீசல் வாங்கி வைக்கலாம், புயலுக்கு முந்தைய நாள் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வால்வை மூடலாம். பெரிய செலவு கிடையாது. வீட்டில் இருக்கிறவர்கள் டிரம், அண்டா, குடம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் நிரப்பி மூடி வையுங்கள், குளோரின் மாத்திரை கிடைத்தால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் காசு. கரண்ட் இல்லை என்றால் ஏடிஎம் இல்லை, சிக்னல் இல்லை என்றால் ஜிபே இல்லை. 2018-இல் இவ்வளவு பேர் போனில் காசு கொடுக்கவில்லை, இன்றைக்கு டீக்கடையில் பத்து ரூபாய்க்கும் போனைத்தான் நீட்டுகிறோம். ஐநூறு ரூபாய்த் தாள் வைத்திருந்தாலும் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது செல்போனுக்குச் சார்ஜ் போடவே காசு வாங்கினார்கள், அதையும் வரிசையில் நின்று கொடுத்தோம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கு வாங்கி வைப்பது நல்லது. இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் சிக்கல், ஃப்ரிட்ஜ் நின்றுபோகும். மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து நிழலில் வைத்தால் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லிச் சுகாதார நிலையத்தில் கணக்கெடுப்பார்கள், அவர்கள் வரும்போது "இன்னும் நாள் இருக்கே" என்று வீட்டில் பெரியவர்கள் தட்டிக்கழிக்காமல் இருக்க வேண்டும். கேஸ் சிலிண்டரைப் பதிவு செய்யுங்கள், ரேஷன் அரிசியை இந்த வாரமே வாங்குங்கள், காய்ந்த விறகைத் தார்ப்பாய்க்கு அடியில் கட்டி வையுங்கள். கஜா சமயத்தில் ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, அடுப்பில் வைக்க ஒரு காய்ந்த சுள்ளி இல்லை.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறான நம்பிக்கைகள் நிறைய. சிமென்ட் அட்டை, தகரம் போட்ட வீட்டுக்காரர்கள் கூரைமேல் நாலு மணல் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் அசையாத மூட்டை 120-இல் அட்டையோடு சேர்ந்து பறக்கும். கூரையைக் கயிறாலோ கம்பியாலோ சுவரோடும் தரையில் அடித்த முளையோடும் இழுத்துக் கட்ட வேண்டும், மூட்டை அதற்கு மேல் உபரி. பறக்கிற தகரம் கழுத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர்கள் கட்டிவிட்டு முகாமுக்குப் போய்விடுவதுதான் சரி.

இன்னொன்று, புயலின் கண். இளைஞர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புயல் நேராக நம்மேல் வந்தால் நடுவில் காற்று சட்டென்று நின்றுவிடும், நட்சத்திரம்கூடத் தெரியலாம். முடிந்துவிட்டது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்க, படகைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கிழக்கிலிருந்து வரும் புயலில் முதலில் வடக்கேயிருந்து அடிக்கும் காற்று, கண் தாண்டியதும் தெற்கேயிருந்து அதே வேகத்தில் திருப்பி அடிக்கும். வடக்குக் காற்றில் வேர் ஆடிப்போன தென்னைகளைத் தெற்குக் காற்று வந்து சாய்த்தது அப்படித்தான். அதிகாரப்பூர்வமாகக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். பேட்டரி ரேடியோ இன்னும் யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் தெருவுக்கே உதவி செய்யலாம். கடல் ஏறுவதைப் பற்றியும் பத்திரிகைகள் சரியாக எழுதுவதில்லை. எங்கள் கிழக்குக் கடற்கரையில், புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கிற ஊர்களில்தான் அலை அதிகம் ஏறும், காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசுவது அங்கேதான். ஆனால் கோடியக்கரை மூலையைத் தாண்டி பாக் நீரிணைப் பக்கம் கரை தெற்குப் பார்த்து இருக்கிறது, அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, தெற்குக் காற்று வரும்போது அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும். உங்கள் படத்தில் ஒரே கோடு போட்டு ஒரே சிவப்புப் பூசினால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

தென்னை, மா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முற்றிய தேங்காய், இளநீர்க் குலைகளை இறக்கிவிடுங்கள், கீழ்மட்டை, காய்ந்த மட்டையைக் கழித்துவிடுங்கள், தலைக்கனம் குறையும், காற்றும் ஊடுருவிப் போகும். எல்லா மரத்தையும் இது காப்பாற்றாது, சிலதைக் காப்பாற்றும். கஜாவில் விழுந்த தென்னைக்கு அரசு கொடுத்தது மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றிக் காய்ப்புக்குக் கொண்டுவந்த மரம் அது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போய்க் கேட்டால் இன்னும் வயிறெரிந்து பேசுவார்கள். தென்னைக்குக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, சம்பா நெல்லுக்கும் இருக்கிறது, ஆனால் புயல் சின்னம் உருவான பிறகு யாரும் காப்பீடு எழுதித் தர மாட்டார்கள், அதுவும் சம்பாவுக்குக் கெடு பெரும்பாலும் நவம்பர் 15-ஐ ஒட்டித்தான் வைக்கிறார்கள். அதற்கு வேண்டிய அடங்கல், அதாவது நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று, வாங்கக் கிராம நிர்வாக அலுவலரைப் பிடிக்கவே கடைசி வாரம் போய்விடுகிறது. இந்த ஆண்டு விட்டவர்களால் இப்போது செய்ய முடிந்தது ஒன்றுதான், தோப்பு, வயல், வீடு, படகு, ஆடு மாடு எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வைப்பது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வரும்போது, இங்கே ஒரு கொட்டகை இருந்தது என்று வெறுங்கையால் காட்டினால் நம்ப மாட்டார்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அடையாள அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்போடு.

மீனவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை, கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனால் 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலில் வேகமாக வலுத்தபோது ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை, அது மறக்கக்கூடியதா? பல நாள் கடலில் தங்குகிற படகுகள் எத்தனை வெளியே இருக்கின்றன என்ற கணக்கு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் இன்றைக்கு இருக்க வேண்டும். துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றம் என்று எழுதுகிறீர்களே, அதற்கு என்ன பொருள் என்று ஒரு தடவையாவது போடுங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில், 3, 4 என்றால் துறைமுகத்தையே பாதிக்கலாம், 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

முகாமுக்கு மக்கள் வர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் ஒவ்வொரு தடவையும் சலித்துக்கொள்கிறார்கள். ஏன் வர மாட்டேன் என்கிறார்கள் என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெண்கள் சொல்வது கழிப்பறை. வயதானவர்கள் சொல்வது மாடு. பாக்கிப் பேர் சொல்வது திருட்டு பயம். இதில் எதுவும் பிடிவாதம் இல்லை, மூன்றுமே நியாயமான காரணம். முகாமாக அறிவித்த பள்ளிக்கூடத்தில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்க்கலாம். மாட்டைக் கட்டிப்போட மேடான இடம் ஒன்றை ஊர் கூடி முடிவு செய்யலாம், அதுவும் முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டு வர வேண்டும், கட்டிப்போட்ட மாடுதான் தண்ணீரில் மூழ்கிச் சாகும். முகாம் சாவி யாரிடம் என்ற கேள்வி வேறு. புயல் ராத்திரியில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் குழந்தைகளோடு நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

"இது சாதாரணப் புயல்தானாம், தீவிரப் புயல் இல்லையாம்" என்று இப்போதே சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தரம் காற்றை வைத்துப் போடுவது. மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வரை என்றால் புயல், 89 முதல் 117 வரை என்றால் தீவிரப் புயல், அப்படியே மேலே போகும். மழை அந்தக் கணக்கில் வராது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் வெறும் "புயல்" தரம்தான், அது நகராமல் நின்று கொட்டியதில் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் தாண்டியது, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து விழுப்புரம் மாவட்டம் தத்தளித்தது, கடலைப் பார்த்தே இராத திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் செத்தார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை, அதற்காகத்தான் இவ்வளவு நீளம். எங்கள் பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்றியம் வாரியாக முகாம்கள் எங்கே, ஒவ்வொன்றுக்கும் சாவி யாரிடம், பொறுப்பு அலுவலர் எண் என்ன, ஜெனரேட்டர் எந்த ஊராட்சியில் தயார், எதில் இல்லை என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070 என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் கொடுக்கவில்லை என்றும் போடுங்கள், அடுத்த நாளே கொடுத்துவிடுவார்கள். இதெல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், டவர் விழுந்த பிறகு இணையதளத்தை யார் பார்ப்பது? பேப்பருக்குச் சார்ஜ் வேண்டாம், கத்தரித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வோம்.

நாளை மறுநாளுக்குள் வந்தால் நல்லது. அதற்கு அப்புறம் பேப்பர் வண்டி எங்கள் ஊர் வரைக்கும் வருமா என்பதே சந்தேகம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்