ஒன்பதாம் நாள் வேல்ஸ் சுற்றுலா: பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்றாவது கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: பிரிட்டன் 12 நாள் பயணத்தில் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்ட வேல்ஸின் போவிஸ் கோட்டை, பக்கத்து ஊரான வெல்ஷ்பூலின் குட்டி ரயில் பற்றி.

ஐயா,

வணக்கம். என் முதல் இரண்டு கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே மின்னஞ்சல் இரண்டு தடவை வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, பணத்தைக் கேட்டேன். ஒன்பதாம் நாள் நடந்தது உங்களுக்குத் தெரியும், உங்கள் கைடு கூடவேதான் இருந்தார். அதனால் பழையதைக் கிளறாமல் நாலு வரியில் முடிக்கத்தான் நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆள் பேசிய பேச்சுக்கு அப்புறம் அது முடியவில்லை.

அது என்னுடைய பதினோராவது போன். எடுத்த பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கிள், ஒரு ஷாமியானாவுக்கா இவ்ளோ டென்ஷன்? நம்ம ஊர் கல்யாணத்துல பார்க்காததா?" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். லைன் கட்.

ஷாமியானாவாம்! 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அங்கிருந்து போவிஸ் கோட்டைக்குப் போன திப்பு சுல்தானின் கூடாரம் ஐயா அது. பூ வேலைப்பாடு போட்ட பருத்தித் துணி. அவர் சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலைகளில் ஒன்றும் அதே கோட்டையில்தான் இருக்கிறது. அன்றைக்கு மதராஸ் கவர்னர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட். அவர் மனைவி ஹென்ரியட்டாவின் பிறந்த வீட்டுச் சொத்து அந்தப் போவிஸ் கோட்டை. 1800-இல் அந்த அம்மாள் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மதராஸிலிருந்து கிளம்பி மைசூர், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். 33 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான், தஞ்சாவூர்க்காரன். எங்கள் ஊருக்கு வந்துபோனவர் வீட்டை நாமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமே என்றுதான் தலைக்கு ₹14,500 கூடுதலாகக் கட்டினேன். மூன்று பேருக்கு. உங்கள் நோட்டீஸில் "கிளைவ் அருங்காட்சியகம் உட்பட" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது, வெட்டி வைத்திருக்கிறேன்.

நாங்கள் பார்த்தது என்ன தெரியுமா? கோட்டையின் வெளிச்சுவர். வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி 3.50. உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது, தோட்டம் மட்டும் பார்க்கலாம் என்று அங்கிருந்த வயதான அம்மா ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோட்டை அறைகள் தோட்டத்துக்கு முன்பே மூடிவிடும் என்பது டிக்கெட் விற்கிற உங்களுக்குத் தெரியாதா? சரி, தோட்டம். மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகத் தளம் போட்டிருக்கிறார்கள், மேலே ஆளை விழுங்குகிற மாதிரி யூ என்ற ஊசியிலை மரத்தில் வேலி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட வந்த என் அக்காவுக்கு 71 வயது, மூட்டுவலி, அதோடு மழை. இரண்டாவது தளத்துக்குக் கீழே இறங்க முடியாமல் திரும்பி வந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே அந்தச் சிவப்புக் கல் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு அந்தப் பக்கம்தானேடா கூடாரம்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஏன் 3.50 ஆனது? காலையில் ஷாப்பிங் மாலில் ஒன்றரை மணி நேரம். அது நிகழ்ச்சி நிரலிலேயே கிடையாது. கைடுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்கிற இடத்தில் கேட்பார்கள். அப்புறம் அந்த ரயில். வெல்ஷ்பூல் பெரிய ஸ்டேஷனில் இறக்கிவிட்டு 50 நிமிடம் நிற்க வைத்தார். கடைசியில் ஒரு டாக்ஸிக்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், குட்டி ரயில் இங்கே வராது, ஊரின் மறுகோடியில் ரேவன் ஸ்கொயரிலிருந்து கிளம்பும் என்று. ஓடிப்போனால் புகை மட்டும் இருந்தது. 1903-இல் தொடங்கி, 1956-இல் மூடி, 1963-இல் ஆர்வலர்கள் மறுபடி ஓட்ட ஆரம்பித்த ரயில் அது. நம் ஊட்டி ரயிலைவிடக் குறுகலான பாதை. பழைய காலத்தில் ஊருக்குள் புகுந்து பெரிய ஸ்டேஷன் வரை வந்ததாம். உங்கள் அட்டவணையைப் போட்டவர் 1956-க்கு முன்னால் போனவரோ என்னவோ!

இதற்கு நடுவில் உங்கள் அலுவலகமே "நேரில் வாருங்கள், முடித்துவிடலாம்" என்று சொன்னதை நம்பி உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்தேன். மேலாளர் லீவு. தண்ணீர்கூட யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரியே திரும்பினேன். மொத்தப் பயணமே பாழ் என்றுதான் சொல்வேன். லண்டன், எடின்பரோ எல்லாம் சினிமாவில் பார்த்ததுதான், நான் கிளம்பியதே இந்த ஒரு நாளுக்காக. நியாயப்படி முழுப் பணத்தையும் கேட்க வேண்டும்.

ஆனாலும் நல்லபடியாகவே முடித்துக்கொள்ளலாம். வேல்ஸ் நாளுக்கான ₹43,500, சென்னை வந்துபோன செலவு, இவை 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்குக்கு வரட்டும். அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுவேன். மனு தட்டச்சாகித் தயாராக இருக்கிறது, என் பழைய மாணவர் ஒருவர் அங்கே வழக்கறிஞர்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, நோட்டீஸ் துண்டு, கோட்டை வாசலில் நேரம் தெரிய எடுத்த படம், ரயில் டிக்கெட் இரண்டு.

பி.கு.: அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. ஷாமியானா என்று சொன்னதற்கு அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்கட்டும். பணத்துக்குப் பதிலாக அல்ல, பணத்தோடு.