தனிக்குடித்தனம்

அன்புள்ள மகளுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே நீ புகுந்து, "அதெல்லாம் வேண்டாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பேச்சை முடித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து பாட்டு விஷயத்தில் நான் தனிக்குடித்தனம் போகிறேன். எனக்கென்று ஒரு கணக்கு, எனக்கென்று ஒரு சந்தா, பணமும் என்னுடையது. உன்மேல் கோபம் ஏதுமில்லை. உன் அப்பாவும் முதலில் அதைத்தான் கேட்டார்.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு என் போனை வாங்கி, உன் கடவுச்சொல்லைப் போட்டு, நீ பாட்டுக் கேட்கும் அந்தச் செயலியைத் திறந்து, 'அம்மாவுக்கு' என்று ஒரு பட்டியல் ஆரம்பித்துக் கொடுத்தாய். அன்று அதில் இருந்தவை பதினொரு பாட்டுகள். நேற்று எண்ணியபோது 212.

நீ போன வாரமே பாட்டுகள் பாதியில் அறுந்து நிற்க ஆரம்பித்தன. போன்தான் பழுது என்று நினைத்தேன். அணைத்துப் போட்டேன், இயர்போனை மாற்றினேன், போனுக்கு உறை போட்டதனால் சூடாகிறதோ என்று உறையைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். பத்து நாள் கழித்துத்தான் திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. பாட்டு வேறொரு கருவியில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். நீ வாங்கியது ஒற்றை ஆளுக்கான சந்தா. ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் ஓடும். அங்கே நீ தொட்டால் இங்கே எனக்கு நிற்கும். இங்கே நான் தொட்டால் உனக்கு.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பாட்டுகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, செயலியை ஆஃப்லைனில் போட்டுவிட்டால் இரண்டு இடத்திலும் ஓடும். அது எனக்கு ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும். நான் செய்யவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த நிறுத்தம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. சரணத்தின் நடுவில் குரல் சட்டென்று அடங்கினால், நீ எழுந்து கையில் போனை எடுத்துவிட்டாய் என்று பொருள். மீதிச் சரணத்தை நானே முணுமுணுத்து முடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். மறுபடி தொட்டு உன்னை நிறுத்தியதே இல்லை. சரி, இரண்டு முறை.

பரிந்துரைகள் கெட்டுப்போனது உனக்கே தெரியும். பாவம் அந்த இயந்திரம், நம் இருவரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு, அறுபது வயதின் பழைய மெட்டுகளையும் இருபத்தாறு வயதின் மத்தள அடிகளையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி வாராவாரம் நம் இருவருக்கும் பரிமாறுகிறது. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் உன் பட்டியலில் உன் ரசனை இருக்கவேண்டும் அல்லவா?

இனி வருவது சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். செயலியைத் திறந்ததும் 'சமீபத்தில் கேட்டவை' என்று வரிசையாகக் காட்டுகிறது. அதில் என்னுடையவற்றுக்கு நடுவில் உன்னுடையவையும் இருக்கும். முதலில் தற்செயலாகப் பார்த்தேன். பிறகு தேடிப் பார்க்கத் தொடங்கினேன். எந்தெந்த நேரத்தில் எனக்குப் பாட்டு நிற்கிறது என்பதை வைத்து, உனக்கு அங்கே மணி என்ன என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரமாக அது நடுநிசியைத் தாண்டியே இருந்தது. பாட்டும் ஒரே பாட்டு. அதை நானும் ஒருநாள் கேட்டேன், மொழி புரியவில்லை. குரலின் சோகம் மட்டும் புரிந்தது.

என்ன ஏது என்று நான் கேட்கப்போவதில்லை. நீ வீட்டில் இருந்த காலத்தில் உன் அறைக் கதவைத் தட்டாமல் நான் உள்ளே வந்ததில்லை. ஒருவர் தனியாக இருக்கும்போது எந்தப் பாட்டைக் கேட்கிறார் என்பது டைரிக்குச் சமம். அதைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. படிக்காமல் இருக்கவும் முடியவில்லை. எனவே கதவை இழுத்துச் சாத்திவிடுவதுதான் ஒரே வழி.

முதலில் குடும்பச் சந்தாதான் போடலாம் என்று பார்த்தேன். ஆறு பேர், ஆளுக்கொரு தனிக் கணக்கு, ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது, செலவும் குறைவு. விதிமுறைகளைக் கடைசிவரை படித்தபோதுதான் அந்த வரி வந்தது: எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்கவேண்டும். எல்லா நிறுவனங்களும் இப்படிக் கேட்பதில்லை, நம்முடையது கேட்கிறது. ஒரே முகவரிதான் குடும்பம் என்று அவர்கள் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். உன்னை இன்னும் இங்கேயே இருப்பதாகக் காட்டிவிடலாம் என்றார் அப்பா. முகவரி கேட்கும் கட்டத்தில் நம் முகவரியைத் தட்டிக்கூடப் பார்த்தேன், பிறகு அழித்துவிட்டேன். பொய்ச் சத்தியம் செய்து பாட்டுக் கேட்பானேன்?

தனியாகச் சமாளிப்பேனா என்று கவலைப்படாதே. இந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. முதல் மாதம் இலவசம் என்று காட்டுகிறார்கள். அது முடிந்ததும் கேட்காமலே பணம் எடுக்கத் தொடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடாது என்பதும் தெரியும். உன் அப்பா வேறொரு செயலியை நீக்கிவிட்டு, தொல்லை ஒழிந்தது என்று உட்கார்ந்திருந்தார். நான்கு மாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது. எந்த வழியாகச் சேர்ந்தோமோ அந்த வழியாகப் போய்த்தான் ரத்து செய்யவேண்டும். செயலிக் கடை வழியாகச் சேர்ந்தால் அங்கே, இணையதளத்தில் சேர்ந்தால் அங்கே.

டேட்டா கணக்கும் போட்டாயிற்று. உயர்ந்த தரம் என்று விநாடிக்கு 320 கிலோபிட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. 96-இல் வைத்தால் 43 எம்பி. நடக்கும்போது குறைந்த தரம், வீட்டில் வைஃபையில் உயர்ந்த தரம் என்று இரண்டையும் தனித்தனியாக அமைத்திருக்கிறேன். நம் 212 பாட்டுகளையும் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்தால் ஏறக்குறைய 2 ஜிபி பிடிக்கும். ஒலியில் எதையும் விட்டுவிடாத 'இழப்பில்லாத் தரம்' என்று ஒன்றை இப்போது கொண்டுவந்திருக்கிறார்கள். நீ பரிசளித்த ப்ளூடூத் இயர்போன் ஒலியை மறுபடி சுருக்கித்தான் காதுக்குக் கொண்டுவருகிறது, ஆகவே எனக்கு அது வீண்.

என் இடது காது விஷயம் உனக்கு இதுவரை சொல்லவில்லை. பதறாதே, வயதுக்கு வருகிற மந்தம்தான், மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே ஒரு பாட்டு. நாற்பது வருடமாகக் கேட்டுவரும் பாட்டு அது. பல்லவி முடிந்ததும் ஒரு வயலின் எழும்பிக் குரலைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இந்தச் செயலியில் குரல் வருகிறது, வயலின் வரவேயில்லை. மலிவாக எங்கோ நகலெடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் இயர்போனைத் தெரியாமல் காது மாற்றி மாட்டிக்கொண்டேன். வயலின் வந்தது! குரலைக் காணோம்.

ஸ்டீரியோ வந்த புதிதில் பாடகரை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமுமாகப் பிரித்துப் பதிவு செய்யும் பழக்கம் பரவலாக இருந்ததாம். இரண்டு காதும் சரியாக இருப்பவர்களுக்கு அது அழகு. எனக்குப் பாதிப் பாட்டு. போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் 'மோனோ ஒலி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு பக்கத்தையும் கலந்து ஒவ்வொரு காதிலும் முழுப் பாட்டையும் தந்துவிடுகிறது. அழுத்திவிட்டு அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். பல்லவி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய இடத்திலேயே, பழைய குழைவோடு வந்தது. அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். பணம் கட்டியவர்களையும் பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்கச் சொல்வது என்ன நியாயம்? ஒரு தொகுப்பில் மூன்றாவது பாட்டு முடிந்து வரும் மௌனத்திலேயே நான்காவதின் முதல் ஸ்வரம் நமக்குள் ஒலித்துவிடும். 2021-இல் அடேல் என்ற பாடகி கேட்டுக்கொண்டதால் ஸ்பாட்டிஃபை நிறுவனம் தொகுப்புகளில் கலைத்துப் போடும் பொத்தானைப் பின்னுக்குத் தள்ளியது. அந்தப் பெண்ணின் பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் நம் கட்சிக்காரி.

நான் கட்டும் பணம் நான் கேட்கும் பாடகருக்கே போகும் என்றும் நினைத்திருந்தேன். பெரும்பாலான சேவைகளில் அப்படியில்லை. எல்லோருடைய பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, மொத்தத்தில் யார் எவ்வளவு ஒலித்தார்களோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கணக்கில் சேருமாம். இது தெரிந்ததிலிருந்து, அதிகம் பேர் தேடாத என் கிழட்டுப் பாடகரின் பாட்டை நடுவில் தாண்டுவதேயில்லை. முப்பது விநாடியாவது அவருக்கு என்னால் கிடைக்கட்டும்.

சென்ற வாரம் மூன்று பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. தொட்டால் அசையவில்லை. உரிமை வைத்திருப்பவரோடு போட்ட ஒப்பந்தம் முடிந்தால் இப்படி ஆகிவிடுமாம். பதிவிறக்கி வைத்தவையும் நம் கையில் இருப்பவை அல்ல. 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அவையும் ஓடாது, சந்தா நின்றால் அதோடு சரி. வாடகை வீட்டில் ஆணி அடித்த கதைதான். மூன்றில் ஒன்று வேறொரு தொகுப்பில் அப்படியே கிடைத்தது. மற்ற இரண்டையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 'அம்மாவுக்கு' பட்டியலைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். உன் பட்டியலை இங்கே சேமித்துக்கொண்டால் போதாது. அது உன்னுடையதாகவே இருக்கும், நீ ஒரு பாட்டை நீக்கினால் என்னிடமும் போய்விடும். மொத்தமாக நகலெடுக்க வழி இருக்கிறது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டுச் சேர்க்கிறேன், இப்போது 140-இல் இருக்கிறேன். அப்படிச் சேர்க்கும்போதுதான் நான் போடாத பாட்டுகள் இடையிடையே இருப்பதைக் கவனித்தேன். எண்ணியதில் இதுவரை 38. அங்கே இருந்தபடியே நடுநடுவே செருகிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாய். அவற்றில் இரண்டு சகிக்கவில்லை. அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

புதிய பட்டியலை இருவரும் சேர்க்கக்கூடிய கூட்டுப் பட்டியலாக அமைத்து உனக்கு இணைப்பு அனுப்புகிறேன். அதில் எந்தப் பாட்டை யார் போட்டார்கள் என்று பெயரோடு காட்டும், ஆகவே இனித் திருட்டுத்தனம் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றி முடித்துவிடுவேன். திங்களன்று உன் கணக்கில் போய் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிடு. எனக்குச் சொல்லாதே. அதன் பிறகு காலையில் என் பாட்டு நிற்காது. எழுந்ததும் ஒரு புள்ளியாவது அனுப்பு.

அன்புடன்,
அம்மா