அந்த அக்காங்களைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கிராம சேவைன்னாலே நம்ம பேப்பர்ல டாக்டர் போட்டோ மட்டும்தான் வருது. தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கில 1993ல டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா ரெண்டு பேரும் ஒரு சின்ன கூரைக் கொட்டாய்ல வைத்தியம் ஆரம்பிச்சது நிறைய பேருக்கு தெரியும், பெரிய விஷயம்தான், இல்லேங்கல. ஆனா அங்க நர்ஸ் வேலை, பிரசவம், ஊர் ஊரா போய் கர்ப்பிணிங்களப் பாக்குறதுன்னு பாதி பாரத்த சுமக்கிறது அந்த ஊர் மலையாளி பழங்குடிப் பொண்ணுங்கதான் (கேரளாக்காரங்க இல்ல, மலைவாழ் பழங்குடி ஜனங்க பேரே அதுதான்), அதிகம் படிக்காதவங்களுக்கும் அங்கயே ட்ரெயினிங் குடுத்து உருவாக்கினாங்க, முன்னெல்லாம் அந்தப் பள்ளத்தாக்குல பொறந்த புள்ளைங்க நிறைய ஒரு வயசு தாண்டாது, இப்ப அது எவ்வளவோ கொறஞ்சிருக்குன்னா அதுல இவங்க கையும் இருக்கு.

போன வருஷம் அம்மாவ அங்க கூட்டிட்டுப் போயிருந்தேன். பிரஷர் பாத்த அக்கா ரெண்டு தடவ பட்டைய அவுத்துக் கட்டிப் பாத்துட்டு, "மாத்திரை நடுவுல விட்டுட்டியாம்மா"ன்னு கேட்டாங்க. எங்க அம்மா எங்கிட்டயே மறைச்ச விஷயம் அது! அவங்க பேர் கேக்காம வந்துட்டேன். உங்க நிருபர் போனா கேட்டு எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், அரூர்