அரிசிப் பானையில் ஒளித்த மாத்திரை

தங்கச்சிமடம்
தை 12

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "பிள்ளைக்கு முன்னாடி 5 கிலோ குறைக்கணுமாம்மா, டாக்டர் சொல்றாங்க" என்றாயே, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்று உப்புச் சுற்றிப் போடாத குறைதான். மறுநாள் தெருவுக்கு வந்த நர்ஸம்மாவிடம் புலம்பினேன். 157 சென்டிமீட்டர் உயரத்துக்கு 71 கிலோ என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற கணக்கு, 29 பக்கம் வருகிறதாம். 25-க்குள் இருந்தால் நல்லது. கூடினால் மாசமாக இருக்கும்போது சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வர வாய்ப்பு அதிகம் என்றார். டாக்டர் சொன்னது சரிதான். குறைப்பதை இப்போதே குறை. வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு இளைக்கப் பார்க்கக்கூடாது. அதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதே, ராத்திரி பரோட்டாவை விடு.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றைக்கே தொடங்கு. தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற குழாய் சரியாக மூட இந்தச் சத்து வேண்டும்; கரு உண்டான 28 நாளுக்குள் அது மூடிவிடும். நாள் தள்ளிப்போய் நீ டெஸ்ட் எடுக்கும்போதே அதில் பாதி நாள் போயிருக்கும்.

என்னை மாதிரி இருந்துவிடாதே. உன்னைச் சுமந்தபோது எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 தான். 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டியது, வெளிக்கும் கறுப்பாகப் போனது. அது அப்படித்தான் போகும் என்று யாரும் சொல்லவில்லை. பயந்து, தினம் ஒன்றாக அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். ஒருநாள் உன் அப்பத்தா உழக்கை விட்டு அள்ளினால், அரிசியோடு ஏழெட்டு மாத்திரை. கிழவி திட்டவில்லை. அன்றிலிருந்து எதிரே உட்கார்ந்து, நான் விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். உனக்கும் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற வழக்கம் இருக்கிறது. டீ இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

"ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று நானே நாளைக்குச் சொல்வேன், காதில் வாங்காதே. முதல் 3 மாசம் கூடுதலாக ஒன்றும் வேண்டாம். அப்புறம் நாளுக்கு 350 கலோரி கூடினால் போதும்: 2 இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். இப்போதைய உன் எடைக்கு, பத்து மாசத்திலும் 7 முதல் 11.5 கிலோ வரை ஏறினால் சரி.

மீன் தாராளமாகச் சாப்பிடு. சாளை, நெத்திலி, காரல் என்று சின்ன மீனாக வாங்கு. பெரிய சுறா வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்வது நம் வழக்கம்தான், அதை அப்போது குட்டிச் சுறாவில் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை சேது எக்ஸ்பிரஸில் வருகிறான். முருங்கை இலைப் பொடி கொடுத்து விடுகிறேன். கருவாடு இந்தத் தடவை கிடையாது, உப்பு. பனங்கிழங்கு மட்டும் அப்பா எனக்குத் தெரியாமல் பைக்குள் வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கும் கொடு.

அம்மா